பத்தடி தள்ளி வைத்த கல்

என் செங்கோடா, மாப்ளே,

வருகிற ஆடியோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. திருச்செங்கோட்டு ஷெட்டில் வேலை எதுவும் நிற்கவில்லை. ஆழ்துளைக் கிணறு போடுகிற எட்டு போர்வண்டியும் ஓடுகின்றன. உன் மகள் மலர் காலை ஏழு மணிக்கே வந்து உன் மேஜையில் உட்கார்ந்துவிடுகிறாள். பேரம் பேச வருகிறவர்களுக்கென்று நீ போட்டிருந்தாயே, ஒரு கால் ஆடும் நாற்காலி, அதை மட்டும் அவள் மாற்றவில்லை. அதில் பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்து யாரும் விலையைக் குறைக்கச் சொல்வதில்லை என்று சிரிக்கிறாள். சிரிப்பு அப்படியே உன் சிரிப்பு.

உனக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. முப்பத்தைந்து வருஷ சினேகிதம் வாய்ப்பேச்சிலேயே தீர்ந்துபோனது. ஆனால் ஒன்றை மட்டும் நான் வாய் திறந்து சொல்லவே இல்லை. உன்னிடம் அல்ல, ஊரிடம். அதனால்தான் இதை உறையில் போட்டு ஒட்டாமல், நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். வெட்கக்கேடான விஷயம்தான். வெட்கம் முழுக்க என்னுடையது.

உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலில் கொஞ்சம் உன் பெருமை. எதிரில் இருந்தால், "போதும்டா, நானென்ன ஓட்டுக் கேக்கவா போறேன்?" என்பாய். கொல்லிமலைக்கு நம் முதல் வண்டியை ஏற்றினோமே, ஓட்டியது நான். நீ ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இறங்கி, துண்டை ஆட்டிக்கொண்டு, எனக்கு முகம் காட்டியபடி பின்னோக்கியே நடந்தாய். "பள்ளத்தப் பாக்காத மாப்ள, என்ற மூஞ்சியப் பாரு. இதவிடப் பயங்கரமா அங்க ஒண்ணுமில்ல." நான் சிரித்துக்கொண்டே மலை ஏறிவிட்டேன். பள்ளம் உன் முதுகுக்குப் பின்னால் இருந்தது உனக்குத் தெரியாமலா இருந்தது?

மகாராஷ்டிரத்தில் பாஷை தெரியாத ஒரு ஊரில், நாமக்கல்காரனுக்கு முட்டையில்லாமல் சோறு இறங்காது என்று கடைக்கு முன்னால் நின்று கோழிபோலக் கொக்கரித்தாய். அது முட்டையைக் கண்ணாலும் பார்க்காத சைவ ஊர். நம்மை ஊர் எல்லைவரை துரத்தினார்கள். மறுநாள் அதே ஊருக்குள் போய் மூன்று போர் போட ஆர்டர் வாங்கிக்கொண்டு வந்தாய். எப்படி வாங்கினாய் என்று கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை.

தொழிலில் உன்னைப்போல ஒரு தலைவனை நான் பார்த்ததில்லை. துளைக்குள் ராடு சிக்கிக்கொண்டால் மேனேஜரை அனுப்பமாட்டாய், நீயே கிளம்பிவிடுவாய். வண்டி முதலாளிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து முகம் பார்க்காமல் கிடந்தபோது, ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்கு எல்லாரையும் மீன் சாப்பிடக் கூப்பிட்டாய். ஒரு கட்சிக்குச் சோறு மட்டும், இன்னொரு கட்சிக்கு மீன் மட்டும் பரிமாறச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். கேட்டு வாங்கித் தின்ன வேண்டியதாகி, சாயங்காலத்துக்குள் பேச்சு வந்துவிட்டது.

இத்தனை செய்த ஆளை ஊர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டது? பத்தடி. பத்தடி செங்கோடன்.

அந்தப் பெயர் வந்த நாளைத்தான் எழுத வேண்டும். அன்றைக்கு உனக்கு ஒரே வண்டி, அதற்கு நான் டிரைவர். ராசிபுரம் பக்கம் பாவாயி அக்காவின் மேட்டுக்காட்டுக்குப் போயிருந்தோம். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, அந்தக் கடலைக்காட்டை நம்பி இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தவர். நீரோட்டம் பார்க்கிற பெரியவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக் காட்டைச் சுற்றி நடந்து, அது நிமிர்ந்து நின்ற இடத்தில் ஒரு கல்லை வைத்து மஞ்சள் பூசிவிட்டுப் போயிருந்தார். நம் தொழிலில் அந்தக் கல்லை யாரும் தொடக்கூடாது. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் இறங்கிய அடிக்குக் காட்டுக்காரர் காசு கொடுக்கிறார். அந்தக் கல்லை நம்பித்தான் கொடுக்கிறார்.

நீயும் அக்காவும் பூஜைக்குத் தேங்காய், சூடம் எடுத்துவர வீட்டுப் பக்கம் போனீர்கள். ஆட்கள் ராடு லாரியோடு இன்னும் ரோட்டிலேயே நின்றார்கள். நான் வண்டியை ரிவர்ஸ் எடுத்தேன். கல் இருந்தது ஒரு வரப்போரம். பின்சக்கரம் வரப்பில் ஏறிச் சரிந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடியும் சரிந்தது. பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

மூன்றாவது தடவை எடுத்திருந்தால் சரியாக நின்றிருக்கும். எனக்குத்தான் மானம் இடம் கொடுக்கவில்லை. இறங்கி, வண்டி மறைவில் அந்தக் கல்லைத் தூக்கிப் பத்தடி தள்ளி, வேப்பமரத்தடியில் தரை கெட்டியாக இருந்த இடத்தில் வைத்தேன். மஞ்சள் கையில் ஒட்டியது, கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன். பத்தடியில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

கல் இடம் மாறியதை யாரும் கவனிக்காமலே பூஜை முடிந்து துளை இறங்கியது. அறுநூறு அடிவரை வெறும் கல்தூள் புகைதான் வந்தது. பாவாயி அக்கா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். வரப்போரம் கல் பதிந்திருந்த குழி அவர் கண்ணில் பட்டது.

"ஏஞ்சாமி, பெரியவரு கல்லு வெச்சது இங்கயில்லீங்க? அங்க எப்பிடிப் போச்சு?"

எல்லாரும் குழியைப் பார்த்தார்கள். நீ மட்டும் என் கால்சட்டையைப் பார்த்தாய்.

"நாந்தானுங்க அக்கா தள்ளி வெச்சேன்," என்றாய். "வண்டிக்குப் புது பெயிண்டுங்க. வெயில்ல நின்னாக் கறுத்துப் போயிருமேன்னு நெழலுக்கு நகத்திப் போட்டேன். எனக்கு அறிவிருந்தா எதுக்குங்க இந்தத் தொழிலுக்கு வாரேன்?"

ஆட்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, வாய் வலிக்கத் திட்டினார். நீ தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டாய். அப்புறம் நீயே வண்டியில் ஏறி, வரப்பைத் தட்டாமல் ஒரே தடவையில் ரிவர்ஸ் எடுத்து, குழி இருந்த இடத்தில் மறுபடி போட்டாய். இருநூற்றைம்பது அடியில் தண்ணீர் பீறிட்டது. இரண்டு போருக்கும் காசு வேண்டாம் என்றுவிட்டாய். தொப்பலாக நனைந்து நின்ற அக்கா, "போ சாமி, பத்தடி" என்று அப்போதுதான் சிரித்தார். ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "மொதலாளி கல்ல நகத்துனா அது கதை. டிரைவர் நகத்துனா அப்பறம் எவனும் வண்டி குடுக்கமாட்டான். நீ ஒரு நெலைக்கு வா மாப்ள. அப்பறமா நீயே சொல்லிப்போடு."

அப்பறமா. எத்தனை அப்புறம் வந்துபோனது! எனக்குச் சொந்த வண்டி வந்தது. இரண்டாவதும் வந்தது. கல்யாண வீடு, காதுகுத்து என்று எங்கே கூடினாலும் நீ அந்தக் கதையைச் சொன்னாய், ஒவ்வொரு தடவையும் உன்னை இன்னும் கொஞ்சம் முட்டாளாக்கிச் சொன்னாய். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். நீ ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எழுந்து சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

நீ போன அன்று பிளக்ஸ் கடைக்காரர் எனக்குத்தான் போன் பண்ணினார். "அண்ணா, பேரு எப்பிடிப் போடறதுங்க?" எல்லாருக்கும் தெரிந்த பேரைப் போடு என்றேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து சுடுகாடுவரை, உன் சிரித்த முகத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் பத்தடி செங்கோடன். என் தப்பை உன் சாவு பேனரில் நானே அச்சடிக்கச் சொன்னேன் மாப்ளே. அன்றைக்கே நெஞ்சு அடைத்தது என்று எழுதினால் பொய். அழுகைக்கு நடுவில் எனக்கு அது உறைக்கவே இல்லை.

உறைத்தது போன வாரம். பரமத்தி வேலூர் பக்கம் வேலைக்குப் போயிருந்த குமரேசன் என்கிற டிரைவர், நாற்பது வயசுக்காரர், ஷெட்டுக்கு வந்து மலர் முன்னால் நின்றார். நானும் அங்கேதான் இருந்தேன், அந்த ஆடுகிற நாற்காலியில்.

"வண்டி திரும்பலீங்க. கல்ல நகத்திப் போட்டேனுங்க. தண்ணி வல்லீங்க. தப்பு என்னுதுங்க."

யாரும் கேட்கவில்லை, தானாக வந்து சொன்னார். மலர் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேலைய உட்டு நிறுத்தும்மா. இன்னைக்கு உட்டா நாளைக்கு எல்லாரும் நகத்துவாங்க."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "என்ற அப்பாவே ஒருக்கா நகத்துனவருதானுங்க மாமா. மறுபடி போட்டுக் குடுத்தாரில்ல? நாமளும் போட்டுக் குடுத்துரலாம். இவரு இருக்கட்டும்."

குமரேசன் கையெடுத்துக் கும்பிட்டார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. போன் வந்ததுபோல எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இதுவரை எழுதிய தாள்களை இன்று காலை மலரிடம் கொடுத்தேன். ஊர் படிப்பதற்கு முன்னால் அவள் படிக்க வேண்டும் அல்லவா? நின்றுகொண்டே படித்தாள். முடித்த பிறகும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அம்மாகிட்டக்கூட அப்பா சொல்லலீங்களா மாமா?"

"இல்லம்மா."

"பள்ளிக்கூடத்துல என்னையப் பத்தடி புள்ளைன்னுதான் கூப்புடுவாங்க. அப்பாகிட்ட வந்து அழுதிருக்கேன். அப்பக்கூட அவரு சொல்லலை."

இது எனக்குத் தெரியாது செங்கோடா. உன் குழந்தை அழுதபோதுகூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறாய். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? எங்கோ ஒரு பந்தியில் உட்கார்ந்து அந்தக் கதைக்குச் சிரித்துக்கொண்டிருந்திருப்பேன்.

மலர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். வருஷ நினைவுக்குப் போடப்போகிற பேனருக்காக எழுதி வைத்திருந்தது. "நீங்களே திருத்திக் குடுங்க மாமா," என்றாள். அது கோபமா, மன்னிப்பா? கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

உன் பெயருக்கு முன்னால் இருந்த அந்த ஒரு சொல்லை அடித்தேன். இந்த ஆடிக்கு நீ வெறும் செங்கோடன்தான். அடித்த சொல்லைத் தூக்கிப் போடவில்லை. நினைவில் வாடுவோர் என்று கீழே எங்கள் பெயர்கள் வருமே, அங்கே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாவாயி அக்கா காட்டுக்குப் போகிறேன். அந்தப் போரில் இன்னும் தண்ணீர் இருக்கிறதாம். அக்காவுக்கு எழுபது தாண்டியும் வாய் குறையவில்லையாம். அன்றைக்கு நீ தலை குனிந்து வாங்கிய திட்டு என் திட்டு. அந்த வரப்போரம் நின்று, கல்லை எடுத்தது நான்தான் என்று சொல்லி, அதை முழுசாக வாங்கிக்கொண்டுதான் திரும்புவேன். இது உன்மேல் சத்தியம். இந்தத் தடவை அப்புறம் கிடையாது.

என்றைக்கும் உன் மாப்ள,
பத்தடி நல்லசிவம்