கயிற்றுக்குள் எங்கள் கடை

ஜூலை 8, செவ்வாய்

குழந்தைகள் சபையில் பேச எங்கள் ஹசீனாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். இந்த வடநாட்டு ஊர் நகராட்சிக்காரர்களே உட்கார்ந்து கேட்பார்களாம். பதினாலு வயதுப் பிள்ளையிடம் கேட்டுத்தான் விதி போடப் போகிறார்களாக்கும்! என்ன பேசப் போகிறாய் என்றால், "அப்புறம் சொல்றேம்மா" என்கிறாள். எதையும் அப்புறம் சொல்கிற ஆளா இவள்?

ஜூலை 11

பள்ளிக்கு நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது சட்டம். முன்கேட்டிலிருந்து அளந்தால் எங்கள் கடை வெளியே. அந்தத் தைரியத்தில்தான் வாயில் அதக்குகிற கைனிப் புகையிலை விற்கிறோம். இன்று பிள்ளைகள் பின்கேட்டிலிருந்து கயிறு பிடித்து அளந்துகொண்டே வந்தார்கள். பின்கேட்டையும் சேர்க்கணுமாம். கயிறு எங்கள் கல்லாவைத் தாண்டிப் போனது. முனையைப் பிடித்திருந்தது என் மகள்!

ஜூலை 12

யாரோ ஏவி விட்டிருக்கிறார்கள். எங்களுக்குப் போட்டியாகக் கைனி விற்கிற மேட்டுக்கடை விஜயன்தான். வேறு யார்? "க்யா பாபி, தந்தா எப்படிப் போகுது?" என்று ஹிந்தி கலந்து வியாபாரம் விசாரித்துச் சிரிக்கிறான்.

ஜூலை 14

உமா மகேஸ்வரி டீச்சரைப் போய்ப் பிடித்தேன். "அளக்கணும்னு சொன்னதே உங்க ஹசீனாதாங்க" என்கிறார். நம்புவேனா நான்?

ஜூலை 15

இவரிடம் சொன்னேன். "விடு ஷரீபா, சின்னப் பிள்ளை" என்று கைனியை உதட்டுக்குள் அதக்கிக்கொண்டார். ஆசையாய்ச் சுட்ட முறுக்கைத் தொடவே இல்லை. மகள்மேல் கோபம் இருக்கத்தானே செய்யும்.

ஜூலை 18

விஜயன் வந்திருக்கிறானா பார்க்கத்தான் சபைக்குப் போனேன். வரவில்லை.

ஹசீனா ஹிந்தியில் பேசினாள். "முதல்ல எங்க கடையைத்தான் அளந்தோம். என் கிளாஸ் பசங்க எங்க அத்தாகிட்டதான் கைனி வாங்குறாங்க. அவரால இப்ப வாயை முழுசாத் திறக்க முடியலை. வீட்ல யாரும் கவனிக்கலை. இந்தப் பசங்களுக்கும் அப்படி ஆகக் கூடாது."

யா அல்லாஹ். முறுக்கு. சோற்றைக் கஞ்சி மாதிரிப் பிசைந்து தின்றாரே — தினமும் பரிமாறியவள் நான்தானே? எங்கே போனது என் கண்ணு? ஊரான் மூஞ்சியையே பார்த்துக்கிட்டுக் கிடந்தேனே!

ஜூலை 21

டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் இரண்டு விரல்தான் நுழைந்தது. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூலை 30

புற்று இல்லை. ஆனால் இனி ஒரு சிட்டிகை வைத்தாலும் நான் பொறுப்பில்லை என்றார் டாக்டர். அழுதேன். இவரும் அழுதார்.

ஆகஸ்ட் 4

பின்கேட்டைப் பற்றி நகராட்சி இன்னும் வாயே திறக்கவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டதோடு சரி. எனக்குத் தெரியாதா இவர்களை?

கைனி இருந்த தட்டில் பிஸ்கட் அடுக்கினேன். பையன்கள் எட்டிப் பார்த்துவிட்டு மேட்டுக்கடைக்குப் போகிறார்கள். விஜயன் கடை உள்ளே வருமா என்று ஹசீனாவிடம் கேட்டேன்.

"இன்னும் அளக்கலைம்மா."

"கயிறு எங்கடி?" என்றேன்.