உன் அறையில் லேத்து ஓடுகிறது

பீளமேடு

அன்பு மகள் ஜெனிஷாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம், அப்பா சுகம், கிரைண்டருக்குத்தான் நடுவில் சுகமில்லாமல் போனது. கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மாமியார் நாளை விமானம் ஏறுகிறார், கிறிஸ்துமஸ் முறுக்கை அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். உன் கல்யாணத்தில் அவர் என் முறுக்கைத் தூக்கிப் பார்த்து, ருசி இருக்குதுங்க சம்பந்தி, வட்டந்தான் வரலீங்க என்று சொன்னது இன்னும் என் நெஞ்சில் குத்துகிறது. இந்த முறை விடுவதில்லை என்றிருந்தேன், அதற்குள் உன் அப்பா குறுக்கே வந்துவிட்டார்.

கிரைண்டர் கல்லின் நடுவில் இருக்கும் பித்தளை வளையம், அந்தப் புஷ் தேய்ந்துபோனது கண்ணு, காந்திபுரம் கடையில் கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். இவரோ, கடைப் புஷ்ஷை நம்பி ஊட்டுக் கல்லைச் சுத்த விடறதா என்று கேட்டுவிட்டு, பழைய இரும்புக் கடையிலிருந்து, இரும்பைச் சுழற்றிச் செதுக்கும் லேத்தையே வாங்கிவந்து உன் அறையில் இறக்கிவிட்டார். உன் கட்டில் மொட்டை மாடியில் நிற்கிறது. ஜெனிஷா வந்தால் எங்கே படுப்பாள் என்றேன், லேத்துப் பக்கத்துல பாய் போட்டுக்கட்டும், சத்தம் பழகிரும் என்கிறார். லேத்தில் ஓட்டை போட, புஷ்ஷாகப் போகும் பித்தளைத் துண்டு சுற்ற வேண்டுமாம், துளைக்கும் ட்ரில் பிட் சுற்றாமல் நேராக உள்ளே போக வேண்டுமாம். இந்த வீட்டில் நான் சுற்ற அவர் உட்கார்ந்திருப்பது மாதிரிதான். ஆனால் பிட்டைப் பிடித்துத் தள்ளும் பாகமே அந்த லேத்தில் இல்லை. கையால் தள்ளிப் பார்த்தார், ஓட்டை ஓரமாக ஒதுங்கியது. என் தையல் ஊசியை மெழுகுவத்தி மெழுகில் ஒட்டி நடுப்புள்ளி பார்த்தார், ஊசி ஆடவில்லை, பிட்டைத் தள்ளும்போது அவர் கைதான் ஆடியது. கடைசியில், திருகினால் நேராகத் தள்ளும் சாமான் ஒன்று அடுக்களையில் அவர் கண்ணில் பட்டது. என் பித்தளை முறுக்கு அச்சு! அதைப் படுக்கவைத்து லேத்தின் நகரும் பலகையில் போல்ட் போட்டு, தள்ளும் தண்டில் பிட்டை மாட்டித் திருகினார். மயிரிழை பிசகாமல் ஓட்டை விழுந்தது, கிரைண்டரும் ஓடுகிறது. ஆனால் அச்சைக் கழற்ற மாட்டாராம், கழட்டுனா சென்டர் போயிருமாம்.

பக்கத்து வீட்டில் இரவல் கேட்கலாம், என் அச்சு லேத்தில் இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? நான் அழுதே விட்டேன். ஏம்புள்ள அழுவறே, மாவைக் கொண்டா என்றார். பிட்டைக் கழற்றி, வெந்நீரில் கழுவி, அச்சுக்கு எதிரே ஈரத்துணி போர்த்திய தட்டை லேத்தில் மாட்டினார். முதலில் மோட்டாரைப் போட்டதில் மாவு பறந்து போய் மின்விசிறியில் ஒட்டிக்கொண்டது. பிறகு அவர் கையால் தட்டைச் சுற்ற, நான் அச்சைத் திருகித் திருகி அந்தப் பலகையோடு ஓரமாக நகர்த்தினேன். என்ன வட்டம் போ! ஒவ்வொன்றையும் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்த பிறகே எண்ணெயில் போடவிட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

மாதா உங்கள் இருவரையும் காப்பாளாக. ஞாயிறு பூசையை விட்டுவிடாதே, தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. டப்பாவின் அடியில் காகிதத்தில் மடித்து வைத்திருக்கும் கோணல் முறுக்கு எல்லாம் அச்சு கிடைக்கும் முன் நான் வெறும் கையால் சுற்றிப் பார்த்தது, அப்பா தள்ளுபடி செய்தது. மேலே இருக்கும் வட்டத்தை உன் மாமியார் பார்க்கட்டும். கோணல் உனக்கு.

உன் அம்மா,
கிளாடிஸ்