பிள்ளையாருக்கு முதுகு காட்டாதவள்

கையில் எப்போதும் எலுமிச்சை வாசம் அடிக்கும் என் அம்மாவுக்கு,

உனக்கு வாசிக்கத் தெரியாது என்று தெரிந்தே எழுதுகிறேன், மன்னித்துக்கொள். நேரில் ஒரு வார்த்தை உரக்கப் பேசாதவள், நாலு பேர் பார்க்கும் தாளில் உன்னோடு சண்டைக்கு வருகிறேன். அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

சாலைக் கடைத்தெருவின் பின்சந்தில், அந்தப் பழைய சரக்குக் கிட்டங்கியின் சுவரில் சாய்ந்துதான் எலுமிச்சையும் கறிவேப்பிலையும் விற்று நீ என்னைப் படிக்கவைத்தாய். மேலே ஓட்டு இறக்கம் இருந்ததால் மழையும் வெயிலும் உன்மேல் விழாது. ஆனால் பத்தடி தள்ளி ஆண்கள் வரிசையாக நின்று மூத்திரம் பெய்வார்கள். நீ முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சில்லறை கொடுப்பாய். கல்லூரிப் பையோடு அந்தச் சந்தைக் கடக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசும்.

அப்போதுதான் சுவரில் படம் வரைய ஒரு கமிட்டி போட்டார்கள். படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் வாருங்கள் என்றார்கள். நானும் போனேன். மூன்று கூட்டம் வாய் திறக்கவில்லை. நாலாவது கூட்டத்தில், "அடியில பிள்ளையார் வரைஞ்சா யாரும் மூத்திரம் பெய்ய மாட்டாங்க" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்காகக் கைதட்டியது அன்று மட்டும்தான்.

உன் தலை சாய்ந்து சாய்ந்து சுவரில் ஓர் எண்ணெய் வட்டம் விழுந்திருந்ததே, அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவள் யார் தெரியுமா? நான்தான். அதன்மேல்தான் பிள்ளையார் வந்தார்.

மூத்திரம் நின்றது. மறுநாளே நீயும் எழுந்து எதிர்ப்பக்கம், சாக்கடை ஓரமாக, மொட்டை வெயிலில் போய் உட்கார்ந்தாய். ஏனம்மா என்று கேட்டேன். "வெயிலு ஒடம்புக்கு நல்லதுட்டி" என்றாய். எதையும் கவனிப்பவள் என்று பெயர் எடுத்த நான் அதை நம்பினேன். மலையாளம் கலந்து பேசும் கமிட்டிச் செயலாளரோ, "இப்போ படம் முழுக்கக் காணாம், அல்லே?" என்று, படம் மறைப்பில்லாமல் தெரிவதில் சந்தோஷப்பட்டார். பத்திரிகையில் வந்த போட்டோவில் சுவர் இருந்தது. நீ இல்லை.

இரண்டு மழைக்காலம் நனைந்தாய். நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டாய். டாக்டர் காகிதத்தில் சுவரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

உன் காரியம் முடிந்த அன்றுதான் இசக்கி அத்தை சொன்னாள். உன்னோடு கூடவே எழுந்து எதிர்ப்பக்கம் வந்து மிளகாய் விற்றவள் அவள். "ஒங்கம்மா என்ன சொன்னா தெரியுமாட்டி? சாமிக்கு முதுகக் காட்டிட்டு எப்படி இருக்கது? புள்ள ஆசையா வரையச் சொல்லிருக்கா, அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதன்னா."

ஏன் சொல்லவில்லை? ஒரு முறை சொல்லியிருந்தால் பிள்ளையாரை நாலடி தள்ளி வரையச் சொல்லியிருக்க மாட்டேனா? என்னிடம்கூட மூடிவைக்கிற அளவுக்கு அப்படி என்ன பாசம் அது? எனக்கு வேண்டாம் அந்தப் பாசம்.

போன வாரம் அந்தச் செயலாளர் நம் வீட்டுக்கு வந்தார். இரும்புக்கடைக்காரர், நல்ல மனிதர் என்று ஊரே சொல்கிறது.

"மோளே, சுவர் மங்கிப்போச்சு. புதுசா வரைக்கப் போறோம். அம்மையோட ஒரு போட்டோ தா. கூடையோட, கணபதிக்குப் பக்கத்துல வரைக்காம்."

"படத்துக்கு முதுகு கிடையாது, இல்லையா சார்?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நேராகவே சொன்னேன்: "போட்டோ தரமாட்டேன். அம்மா சாஞ்ச இடத்துல ரெண்டு ஆள் அகலத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சு விடுங்க. இசக்கி அத்தையும் கூட இருக்கவங்களும் சாஞ்சு உக்காரட்டும்."

அவர் சிரித்தார். "கணபதி மேல ஆரு வெள்ள பூசும்? ஞங்கள் ஆரும் செய்யில்ல. வேணுங்கில் நீ செய்யு."

செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சுண்ணாம்பு வாங்கி ஊறவைத்து மூன்று நாளாகிறது. நேற்று காலை டப்பாவோடு போய் நின்றேன். யாரோ சந்தனம் வைத்திருந்தார்கள். சுண்ணாம்பு மட்டையைத் தூக்கினேன், கை வரவில்லை. பி.காம் படித்த கைதான். ஆனால் அதற்குள்ளே நீ உட்கார்ந்திருக்கிறாய். உன்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வருவது அதனால்தான்.

ஆனாலும் இந்த மழைக்கு முன் இசக்கி அத்தை அந்த ஓட்டு இறக்கத்தின் கீழே உட்காருவாள். அது என் பொறுப்பு.

இவ்வளவு திட்டிவிட்டு இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. என் கனவிலோ, இசக்கி அத்தை வாயிலோ, எப்படியாவது ஒரே ஒரு தடவை சொல்லேன் அம்மா: "சரிட்டி, அடி."

இப்படிக்கு,
அந்த யோசனையைச் சொன்ன உன் மகள்