அத்தை போட்ட இரண்டு முடிச்சு

அத்தை,

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சமையலறை விளக்கில் எழுதுகிறேன். என் புத்தகப் பைக்குள் அம்மா அப்பா கல்யாண கேசட் இருக்கிறது. அதன் பூஞ்சை வாசம் நோட்டுகளில் எல்லாம் ஏறிவிட்டது. பக்கத்தில் புதிதாகப் போட்ட டிஸ்க். இரண்டையும் இன்னும் அப்பாவிடம் கொடுக்கவில்லை.

கேசட் பாழாகிறது என்று அப்பா அதை வேங்கிக்கால் ஸ்டுடியோவில் கொடுத்தபோது நானும் உடன் இருந்தேன். "என் தங்கச்சி வர எடமெல்லாம் எடுத்துடுங்க" என்றார். நீங்கள் விரும்பியவரைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து அவர் உங்களைப் பற்றிப் பேசியதில்லை. போன தையில் நீங்கள் இறந்தபோதும் வரவில்லை. அவர் வாயால் "தங்கச்சி" என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஸ்டுடியோக்காரர் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், முதல் முடிச்சுதான் நீங்க போடறீங்க. மீதி ரெண்டும் தங்கச்சிதான். அத எடுத்துட்டா உங்களுக்குக் கல்யாணமே ஆவல சார்."

அப்பா சிரிக்கவில்லை. "கை மட்டும் தெரியட்டும். மூஞ்சி வேணாம்."

அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. அவர் கிரிவலம் வருவதில்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அம்மா என்னை அழைத்துக்கொண்டு அடி அண்ணாமலையில் உங்கள் வளையல் கடை முன்னால் நின்றுவிடுவாள். எனக்கு வளையல் மாட்டிக்கொண்டே, "அண்ணன் சுகர் மாத்திர ஒழுங்கா போடுதா அண்ணி?" என்று கேட்பீர்கள்.

"எங்க? ஜிலேபியும் ஜாஸ்தி, கோவமும் ஜாஸ்தி" என்பாள் அம்மா. விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். உங்களை ஒதுக்கிய வீட்டைப் பற்றி ஒரு கடுஞ்சொல் உங்களிடம் நான் கேட்டதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று பயமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "கை காலெல்லாம் ஒதறிச்சு. பயம் போவட்டும்னு நின்னிருந்தா பஸ்ஸு போயிருக்கும் பாப்பா" என்றீர்கள்.

இன்று டியூஷன் விட்டதும் டிஸ்க் வாங்கப் போனேன். ஸ்டுடியோக்காரர் அந்த இடத்தை அப்போதுதான் வெட்டப்போனார். திரையில் நீங்கள் குனிந்து, மூன்றாவது முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்து, அப்பாவைப் பார்த்து நாக்கைத் துருத்துகிறீர்கள். அப்பா சிரிக்கிறார். மணமேடை என்பதையே மறந்து சிரிக்கிறார். அப்படி ஒரு அப்பாவை நான் பார்த்ததே இல்லை.

"வெட்டாதீங்கண்ணா" என்றேன்.

"அப்பா கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

நாளை மதியம் சொந்தக்காரர்கள் வீடியோ பார்க்க வருகிறார்கள். அவர்கள் முன்னால் அப்பா திடுக்கிடக் கூடாது. அதனால் காலையில் அவர் தனியாக டீ குடிக்கும்போது நானே போட்டுக் காட்டப்போகிறேன். அடிப்பாரோ என்னவோ. ஆனால் அத்தை, உங்கள் முகம் வரும்போது நான் டிவியைப் பார்க்கமாட்டேன். உங்கள் முகம் எனக்கு மனப்பாடம். அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.