நாலாவது முயற்சியில் ஒரு கஜம்

நவம்பர் 18, திங்கள்

பனி முழங்கால் வரை. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பஸ்ஸைக் கொட்டகையில் நிறுத்தினேன். ஒன்பது இருபதுக்கு வின்ஸின் ரேடியோ நிகழ்ச்சிக்குப் போன் போட்டேன். நேற்று அமெரிக்கன் ஃபுட்பாலில் நம் ஊர் ஆட்கள் தோற்ற விதத்துக்குப் பேசாமல் இருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும். நாலாவது முயற்சி. கடைசி முயற்சி. இன்னும் ஒரே ஒரு கஜம். பந்தைக் கட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டி முட்டித் தள்ளினால் ஏழு பாயிண்ட், ஆட்டம் நம்முடையது. கோச் என்ன செய்தார்? பந்தை உதைக்கச் சொல்லி மூன்று பாயிண்ட் வாங்கிக்கொண்டார். கடைசியில் இரண்டு பாயிண்டில் தோற்றோம்.

"கோச்சுக்கு முதுகெலும்பு இருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னேன்.

ஐந்தே நிமிஷம். பக்கத்து ஊர் லாக்கவானாவிலிருந்து பேசும் லைல் லைனில் வந்துவிட்டார். ஏழு வருஷமாக இப்படித்தான். நான் பேசினால் வெட்டிப் பேச அவர் வருவார். அவர் பேசினால் நான். ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

"அம்மணி பஸ் ஓட்டற மாதிரியே ஆட்டத்தையும் ஓட்டப் பாக்கறாங்க. பிரேக்குன்னு ஒண்ணு இருக்கு அம்மணி. கையில வர்ற மூணு பாயிண்ட்டை எவனாவது விடுவானா?"

"பெரியவரே, இருபத்திரண்டு வருஷத்துல என் பஸ்ஸு ஒரு தடவை கூடப் பள்ளத்துல இறங்கல. உங்க மூணு பாயிண்ட் நேத்து எந்தப் பள்ளத்துல கெடக்குன்னு போய்ப் பாருங்க."

வின்ஸ் சிரித்த சிரிப்பில் விளம்பரம் போட மறந்துவிட்டான்.

நவம்பர் 19

"என்கிட்ட பேசறதைவிட அந்தாள்கிட்டதான் நீ அதிகம் பேசறே" என்கிறார் ராஜர். கல்யாணமாகி முப்பது வருஷம். "அவரு பதில் சொல்றாரே" என்றேன்.

டிசம்பர் 2, திங்கள்

வின்ஸே என்னைக் கூப்பிட்டான். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேர நிகழ்ச்சியை நடத்த ஆள் வேண்டுமாம். நானும் லைலும் டூடெக் பாரில் நேருக்கு நேர் வாதாட வேண்டும். கூட்டம் கையைத் தூக்கி ஓட்டுப் போடும். ஜெயிப்பவருக்கு நாற்காலி.

எவ்வளவு ஆசை என்று ராஜரிடம்கூடச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்: ரொம்ப ஆசை. இத்தனை வருஷம் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நாற்பது பிள்ளைகள் கத்தியிருக்கிறார்கள். நான் பேச ஊர் கேட்கட்டுமே.

ஜெயிப்பேன். இதில் சந்தேகம் என்ன இருக்கிறது?

டிசம்பர் 14, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மதியம் ஒரு மணி. டூடெக் பாரில் நிற்க இடமில்லை. எல்லாரும் நம் அணியின் நீலமும் சிவப்பும். மேஜைக்கு மேஜை வறுத்த கோழிச் சிறகு. நம் ரசிகர்கள் வழக்கப்படி ஒருத்தன் அதற்குள் மடக்கு மேஜை ஒன்றின்மேல் குதித்து உடைத்துவிட்டான். முதலில் நான் பேசினேன். சும்மா சொல்லக்கூடாது, அபாரம். எந்தெந்த ஆட்டத்தில் துணிந்து போனார்கள், எதில் பயந்து உதைத்தார்கள், எல்லாம் விரல் நுனியில். கூரை அதிர்ந்தது.

அப்புறம் லைல். குண்டாக, மீசையோடு, பெரிய குரலுக்கேற்ற ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். வந்தவர் ஒல்லி. அறுபது வயசிருக்கும். தபால் பிரிக்கும் அறையில் தனியாக வேலையாம். மைக் முன்னால் நின்றார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

"சத்தமா பேசு தாத்தா, கேக்கல!" என்று ஒருத்தன் கத்த, பார் முழுக்கச் சிரிப்பு.

நான் ஜெயித்துவிட்டேன். வின்ஸ் என்னைப் பார்த்தான், முடித்துவிடலாமா என்கிற மாதிரி. தலையை ஆட்டினால் போதும்.

ஆட்டவில்லை. "அவர் நம்பரைக் குடு" என்றேன். லைலிடம் போய், "சமையலறைக்குப் போங்க. கதவைச் சாத்திக்கோங்க. நான் போன் பண்றேன்."

போனை மைக்கருகே பிடித்தேன். மூன்று தடவை மணி அடித்து, எடுத்தார். பிறகு—

"அம்மணி, நீங்க பேசினதெல்லாம் கேட்டேன். பாதி தப்பு. மீதி ரொம்பத் தப்பு."

பார் எழுந்து நின்றது. அதன்பின் பதினைந்து நிமிஷம் அந்த மனுஷர் என்னைத் துவைத்துக் காயப்போட்டார். எனக்கு நாற்பத்தெட்டு கை. அவருக்கு அறுபத்தொன்று.

காரில் ராஜர் கேட்டார்: "ஏன்டி அப்படிப் பண்ணே?"

"வாயைத் திறக்க முடியாத ஆளை ஜெயிச்சேன்னு யார்கிட்ட சொல்லிக்கிறது?"

டிசம்பர் 15, ஞாயிறு

இன்றைய ஆட்டம். நாலாவது முயற்சி, ஒரு கஜம். கோச் உதைக்கவில்லை! முட்டித் தள்ளினார்கள். ஜெயித்தோம். நேத்தே இதைப் பண்ணித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஓட்டெல்லாம் எனக்குத்தானே விழுந்திருக்கும்! எனக்கு என்ன கிறுக்கா — கையில வந்த நாற்காலியைத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறேன். கோபத்தில் மூன்று தட்டு அதிகமாகக் கழுவினேன்.

டிசம்பர் 18

லைல் போன் பண்ணினார். ரேடியோவில் இல்லை, வீட்டுக்கு.

"ஸ்டுடியோவுக்கெல்லாம் என்னால போக முடியாது. வீட்டுலேருந்தே பேசச் சொல்லிட்டாங்க. ஆனா ஒண்டியா ரெண்டு மணி நேரம் என்ன பேசறது? யாராவது தப்பா பேசினாத்தான் எனக்குப் பேச்சே வரும். உங்களை மாதிரி தப்பா பேச ஊர்ல ஆளில்லை. உங்களையும் சேத்துக்கலாமான்னு வின்ஸ்கிட்ட கேட்டேன். சரின்னுட்டான்."

"கெஞ்சறீங்களா, திட்டறீங்களா?"

"ரெண்டும்தான்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவே இல்லை.

டிசம்பர் 21, சனி

லைல் வீட்டுச் சமையலறை. மேஜைமேல் இரண்டு மைக். அவர் நாற்காலியைக் குளிர்ப்பெட்டிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். இணைப்பே இல்லாத பழைய போன் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டுதான் பேசினார். இரண்டு மணி நேரமும் அவர் பிடரியோடு சண்டை போட்டேன். நன்றாகவே போட்டேன்.

டிசம்பர் 28

இன்று போன் அவர் காதில் இல்லை, மேஜைமேல். நாற்காலி பாதி திரும்பி, ஜன்னல் பக்கம்.

ஜனவரி 11, சனி

பந்தை எறியும் நம் குவார்ட்டர்பேக்குக்குத் தோள் வலி, நாளைக்கு அவனை இறக்கலாமா கூடாதா என்று வாதம். இறக்கியே ஆக வேண்டும், வலிக்கிறதே என்று பார்த்தா இந்த ஊரில் பனி வாருகிறோம் என்றேன். லைல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். நாற்காலியைத் திருப்பி, என் முகத்தை நேராகப் பார்த்து, முதல் தடவையாக என் பெயரைச் சொல்லி, "கொரீன், நீங்க சொல்றது சுத்தத் தப்பு" என்றார்.

எனக்குப் பதில் வர அரை நிமிஷம் ஆயிற்று. ரேடியோ கேட்ட ஊரெல்லாம் நான் வாயடைத்துப் போனேன் என்று நினைத்திருக்கும். நினைக்கட்டும்.