தொட்டிக்குள் வந்த தண்ணீர்

அன்புள்ள சந்திரா அக்கா,

தண்ணீர் உள்ளே வந்த வழியாக டீசல் வெளியே போகும் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? சில நாட்களாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான்.

உன் வீட்டில்தான் இருக்கிறேன். கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மதுரையிலிருந்து வந்தேன். நிலத்தடி நீரைப் பற்றி இத்தனை வருடம் பாடம் நடத்தியவளுக்கு இந்த ஊரில் வேலை வரும் என்று நினைக்கவில்லை. உன் பெட்ரோல் பங்க் மூடிக் கிடக்கிறது. காலையில் பட்டாசுக் கம்பெனி வேன்கள் பழக்கத்தில் வாசலில் வேகத்தைக் குறைக்கின்றன, சங்கிலியைப் பார்த்துவிட்டுப் போய்விடுகின்றன. பெரும்பாலும் அன்றைக்கு என் வாசலைத் திரும்பிப் பார்க்கும் மனிதர்கள் அந்த வேன்காரர்கள் மட்டும்தான்.

பின்னால் இருக்கும் பேச்சியம்மாள் கிணற்றில் வாடை அடிக்கத் தொடங்கியது நீ இருந்தபோதுதான். அச்சங்குளம் பக்கம் தண்ணீரில் வாடை வந்தால் யாரும் இரண்டாவது காரணம் தேடுவதில்லை. கம்பெனி மருந்துதான். வெடிக்குப் போடும் ரசாயனத்துக்கு மருந்து என்று பெயர் வைத்துவிட்டு, இருமல் முதல் ஆடு சாவது வரை எல்லாப் பழியையும் அதன் மேல் போட்டுவிடுகிறோம். பாதி நேரம் அது உண்மையாகவும் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கம்பெனியை மூடச் சொல்லி ஊரே மனு எழுதியது. முதல் கையெழுத்து உன்னுடையது.

நீ போன பிறகு ஊர்த்தலைவர் என்னிடம் வந்தார். “நீங்க படிச்சவுக. தண்ணியச் சோதிச்சுச் சொன்னீகன்னா மனு நிக்கும். நாங்க சொன்னா எவன் கேக்கான்?”

சம்மதித்தேன். கிணற்றில் போத்தலை இறக்கும்போது பேச்சியம்மாளின் கணவர் மாரியப்பன் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“கெணத்துல இப்பக் கொசுவே அண்டல தாயி. எல்லாம் கம்பெனிக்காரன் புண்ணியம்.”

“அப்ப நீரும் அதுலயே குளியும்” என்றாள் பேச்சியம்மாள். “உம்மகிட்டயும் எதுவும் அண்டாது.”

நான் சிரித்துவிட்டேன், அக்கா. நீ போனபின் சத்தமாகச் சிரித்தது அன்றுதான். போத்தல் மேலே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தண்ணீரின் மேல் மெல்லிய படலம், வெயிலில் நிறம் நிறமாக. மூடியைத் திறந்து முகர்ந்தேன். மருந்து வாடை எனக்குத் தெரியும். இது அது இல்லை. உன் சேலையில் எப்போதும் இருந்த வாடை.

ஒரு முகர்தலை வைத்து முடிவு கட்டுகிறவள் இல்லை நான். கம்பெனிக்கும் கிணற்றுக்கும் நடுவில் மண்ணைத் துளைத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பங்குக்கும் கிணற்றுக்கும் நடுவில் துளைத்தேன். கரிசல் தாண்டி, அடியிலிருக்கும் சுண்ணாம்புச் சுக்கான் மண் வந்ததுமே கையெல்லாம் டீசல். ஆட்களை வரவழைத்து, பங்கில் மண்ணுக்கடியில் இருக்கும் டீசல் தொட்டியில் காற்றை ஏற்றிப் பார்த்தோம். காற்று நிற்கவில்லை, தொட்டியில் ஓட்டை. மதுரை ஆய்வுக்கூடமும் டீசல் என்றே சொல்லிவிட்டது.

அதற்குப் பிறகுதான் உன் காலை வேலை நினைவுக்கு வந்தது. சாமி கும்பிடும் முன்னால் அளவுகோலின் நுனியில் அந்தப் பசையைத் தடவித் தொட்டிக்குள் இறக்குவாய். அடியில் தண்ணீர் இருந்தால் பசை சிவக்கும். ஒரு ஐப்பசியில் நான் வந்திருந்தபோது அது சிவந்துதான் வந்தது. என்ன என்று கேட்டேன். “மழை பெஞ்சா மூடி வழியா இறங்கும்டி. எல்லா பங்க்லயும் உள்ளதுதான்” என்றாய். கைப்பம்பு வைத்து அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, வழக்கம்போல் ஊதுபத்தி கொளுத்தப் போனாய்.

மூடி வழியாகவும் இறங்கும்தான். நீ சொன்னது பொய் இல்லை. ஆனால் மழையில் நிலத்தடித் தண்ணீர் ஏறும்போது ஓட்டை வழியாகவும் உள்ளே வரும். கோடையில் அது வற்றியதும், அதே ஓட்டையில் டீசல் வெளியே இறங்கும். கணக்கில் துல்லியமானவள் நீ. இது உனக்குத் தோன்றவே இல்லையா? தோன்றித்தான் மனுவில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாயா? இப்படிக் கேட்க எனக்கே கூசுகிறது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

நாளைக்குச் சமுதாயக்கூடத்தில் கூட்டம். நான் வாயை மூடிக்கொண்டால் மனு அதிகாரிகளிடம் போய்விடும், கம்பெனிக்குப் பூட்டு விழும். பேச்சியம்மாளின் மருமகள் முத்துமாரி உட்பட இந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். கிணறும் சுத்தமாகாது. வாயைத் திறந்தால் உன் பெயர் போய்விடும். இந்த ஊரில் எனக்கு வேறு பெயர் கிடையாது. சந்திரா தங்கச்சி, அவ்வளவுதான்.

மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

சொன்னேன். துளைத்த இடங்களை, தொட்டியை, உன்னை. முதலில் மாரியப்பன் எழுந்தார். “கம்பெனிக்காரன்னா கொழாயாவது போட்டுக் குடுப்பான். செத்தவுக என்னத்தக் குடுப்பாக?” பின்னாலிருந்து ஒரு குரல், “கூடப்பொறந்தவளே இப்பிடிப் பேசுதாளே!” முத்துமாரி மட்டும், “அப்ப எங்க வேல போகாதுல்ல?” என்று கேட்டாள். அவளை உட்காரச் சொன்னார்கள். ஊர்த்தலைவர் மனுவை மடித்துப் பைக்குள் வைத்தார். “இத இப்பக் குடுக்க வேண்டாம்.” யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்த்துப் போகவில்லை.

வெளியே பேச்சியம்மாள் நின்றாள். உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டியவள்.

“நாலு பேரு முன்னாடி அவளச் சொல்லிட்டீகளே. முதல்ல எங்கிட்டச் சொன்னா என்ன தாயி? நான் அவளத் திட்டியிருப்பேன். திட்டிட்டு உங்க கூட வந்து நின்னுருப்பேன்.”

இது எனக்குத் தோன்றவே இல்லை, அக்கா. எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தேன். ஒரு வாசல் தாண்டிப் போய்ச் சொல்லலாம் என்று தோன்றவில்லை.

சாயங்காலம் அவள் தன் கிணற்றை உடைமரத்து முள்கிளைகளைப் போட்டு மூடினாள். நானும் போய் ஒரு கிளையின் மறுமுனையைப் பிடித்தேன். விடு என்று அவள் சொல்லவில்லை. கிணற்று வாய் முழுவதும் மூடியதும் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தொட்டியைத் தோண்டி எடுக்க எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த முள்ளை அவள் கையாலேயே எடுத்துப் போடும் வரை இந்த ஊரைவிட்டுப் போக மாட்டேன். தண்ணீர் சுத்தமாக எத்தனை வருடமாகும் என்று என் படிப்பாலும் சொல்ல முடியவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. கோபத்தோடேயே இருக்கிறேன், இருப்பேன்.

உன் பின்னால் பிறந்தவள்,
வசந்தி