‘இல்லை’ என்று சொல்லாத கடையில் நம் ரேணு

என் மாமாவுக்கு,

நீங்கள் இருக்கிற இடத்தில் வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது, முதுகுவலி இல்லை என்று நானே ஒரு முடிவு கட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஏழாவதோடு படிப்பை விட்டவள் நான். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. களம்பூர் அரிசி மில்லுக்கு நீங்கள் லாரி ஓட்டின காலத்தில் எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும் போன் போட்டுவிடுவீர்கள். எழுத வேண்டிய தேவையே வரவில்லை. இப்போது பேச வேண்டியது சேர்ந்துபோச்சு. கோணல்மாணலாக இருந்தாலும் படித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என்னிடம் ஒன்று கேட்டீர்கள். ஞாபகம் இருக்கிறதா? "இன்னாமே, பாப்பாவுக்கு அந்த வெப்சைட் வேலை சரிப்பட்டு வருமா?" என்றீர்கள். நான் பதில் சொல்லவில்லை. கஞ்சியைக் குடியுங்கள் என்று பேச்சை மாற்றிவிட்டேன். எனக்கே தெரியாததை என்னவென்று சொல்வேன்? இப்போது தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் ரேணு எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியாததா. வீட்டுக்கு யாராவது வந்தால் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு உள்ளே ஓடிவிடுவாள். பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூட உங்கள் சட்டையைத்தான் இழுப்பாள். காலேஜில் கம்ப்யூட்டர் படித்து முடித்தும் அப்படியேதான் இருந்தாள்.

நான் புடவைக்குக் குஞ்சம் கட்டித்தருகிற பட்டுக்கடை முதலாளி, "வெப்சைட்டைப் பாத்துக்க ஆள் வேணும், யாராச்சும் கீறாங்களாம்மா?" என்று கேட்டபோது நான் இவள் பேரைச் சொன்னேன். உங்களுக்கு ஒரே சந்தோஷம். "மனுசங்க கிட்ட பேசத் தேவையில்ல, பொட்டி கிட்ட பேசினா போதும். நம்ம பொண்ணுக்குன்னே செஞ்ச வேலை" என்று மில் ஆட்களிடமெல்லாம் சொன்னீர்கள். அப்படிச் சொன்னவர் பிறகு ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்? அவள் முகத்தில் எதையாவது பார்த்தீர்களா? என் கண்ணுக்கு ஏன் அது தெரியவில்லை?

அந்த வேலை என்னவென்று நமக்கு அப்போது தெரியாது. ஷட்டர் இல்லாத கடை என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடை மாடியில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு புடவையையும் விரித்துப் போட்டோ எடுக்கிறாள். நிறம், நீளம், ரவிக்கைத் துணி உண்டா என்று எழுதிப் போடுகிறாள். யாராவது வாங்கினால் பார்சல் கட்டவைக்கிறாள். அதோடு முடிந்தது என்றுதானே நினைத்தோம்? அதற்குப் பிறகுதான் ஆரம்பமே. பார்சல் வரவில்லை என்று ஒருத்தர். போட்டோவில் தேன் கலராக இருந்தது, கையில் வந்தது மஞ்சளாக இருக்கிறது என்று இன்னொருத்தர். எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒருநாள் வெப்சைட்டே திறக்கவில்லை. முதலாளி மாடிப்படி ஏறி வந்து, "இன்னா ரேணு, இன்னிக்குக் கடை தொறக்கலையா?" என்று கேட்டாராம், நேரம் கழித்து வந்தவளைக் கேட்கிற மாதிரி.

நீங்கள் போன பிறகு சில மாசம் அவள் கழுத்துவலியோடுதான் வீட்டுக்கு வருவாள். எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்பேன், சரிப்படுகிறதா என்று. "ஒருநாள் சரிப்படுதும்மா. ஒருநாள் பஸ் ஏறி எங்கியாச்சும் போயிடலாம்னு கீது" என்பாள்.

இந்த ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலாளியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எந்தப் புடவையைக் கேட்டாலும் அவர் வாயில் ‘இல்லை’ வராது. "தறியில கீதுங்க", "வந்துகினே கீதுங்க" என்பார். கல்யாணத்துக்கு எடுக்க வருகிறவர்கள் காதில் அந்தச் சொல் விழக்கூடாது என்பது அவர் அப்பா காலத்துப் பழக்கம். நானே நூல் தீர்ந்தால் அங்கே ‘நூல் நெறஞ்சு போச்சு’ என்றுதான் சொல்வேன். வெப்சைட்டுக்கு இதெல்லாம் தெரியுமா? விற்றுப்போன புடவைக்குக் கீழே அதுபாட்டுக்கு ‘இருப்பு இல்லை’ என்று சிவப்பில் காட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்டுவிட்டு முதலாளி போனில் அதைப் பார்த்துவிட்டார். "வாசல்லயே இல்லை இல்லைன்னு எழுதி வெச்சிகினு கீறியே, கடை வெளங்குமா? ஜல்தியா எடு" என்றார்.

"அப்ப வித்த புடவை போட்டோவை எடுத்துடறேங்க" என்றாள் ரேணு.

"போட்டோவை எடுக்காத. அலமாரி காலியாத் தெரியும்."

அந்த எழுத்தை எடுத்துவிட்டு, விற்ற புடவை ஒவ்வொன்றிலும் வாங்குகிற பட்டனை இவள் தானே மூடிக்கொண்டு வந்திருக்கிறாள். அதில் ஒன்று விட்டுப்போச்சு. பச்சை பார்டர் போட்ட அரக்கு முகூர்த்தப் புடவை. ஏற்கெனவே ஒருத்தர் வாங்கி, பார்சலும் போய்விட்டது. அதையே ஓசூரில் ஓர் அம்மா மகள் கல்யாணத்துக்குப் பணம் கட்டி வாங்கிவிட்டார். கைத்தறிப் புடவை, ஒன்றே ஒன்றுதான். இன்னொன்று நெய்து முடிப்பதற்குள் அவர்கள் முகூர்த்தம் தாண்டிவிடும்.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "தறியில கீதுன்னு சொல்லி வெய்யி. கடைசி நேரத்துல வேற ஒண்ணக் காட்டி சமாளிச்சிக்கலாம்" என்றார். கூடவே, "பேஜார் ஆவாத. மெட்ராஸ்ல ஒரு கம்பெனிக்காரன் வெப்சைட்டை நானே பாத்துக்கறேன்னு கேட்டுகினு கீறான். உனக்குக் கஷ்டமா இருந்தா அவன் கிட்டயே குடுத்துடலாம்" என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். "நான் நின்னுடறேம்மா. எனக்கு இது ஆவாது. அப்பா பயந்தது சரிதான்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்டதை அவள் கேட்டிருக்கிறாள், மாமா. மாத்திரை வாங்கிவந்தவள் வாசலிலேயே நின்றிருக்கிறாள். நான் பதில் சொல்லாததையும் கேட்டிருக்கிறாள். இத்தனை நாள் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு தினமும் மாடிப்படி ஏறியிருக்கிறாள்.

எனக்கு வெப்சைட் தெரியாது. என்ன சொல்வது? "நிக்கறதுன்னா நில்லு. ஆனா அந்தம்மா புடவை வரும்னு பாத்துகினு கீது. அவங்க கிட்ட சொல்லிட்டு நில்லு" என்றேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் குஞ்சம் கட்ட வேண்டிய புடவையைச் சாக்கு வைத்து நானும் கடை மாடிக்குப் போனேன். முதலாளியும் வந்து நின்றார். ரேணு போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கங்க, ஆரணியிலேர்ந்து ரேணுகா பேசறேங்க. பட்டுக்கடை வெப்சைட்டைப் பாத்துக்கறேங்க."

"சொல்லும்மா. புடவை கிளம்பிடுச்சா?"

ரேணு மூச்சை இழுத்து விட்டாள். முதலாளி பக்கத்திலிருந்து, "தறியில கீது, தறியில கீது" என்று வாயை மட்டும் அசைத்தார். இவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"அந்தப் புடவை ஒண்ணே ஒண்ணுதாங்க. உங்களுக்கு முன்னாடியே வேற ஒருத்தவங்க வாங்கிட்டாங்க. பட்டனை மூடாம விட்டது நான். தப்பு என்னுதுங்க."

"கல்யாணத்தை வெச்சிகிட்டு வெளையாடறீங்களா? நீ யாரு இதெல்லாம் சொல்றதுக்கு? முதலாளியக் கூப்பிடு."

முதலாளி கையை நீட்டினார். இவள் போனைக் கொடுக்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பக்கத்துலதாங்க கீறாரு. ஆனா இதுக்கு நான்தாங்க பதில் சொல்லணும். திட்டறதா இருந்தா என்னியே திட்டுங்க."

அந்தம்மா நன்றாகவே திட்டினார். அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் கூடத் திட்டியிருப்பேன். ரேணு "ஆமாங்க", "சரிங்க" என்று நின்றாளே தவிர நகரவில்லை, அழவில்லை. நான்தான் குஞ்சத்தின் முடிச்சை மாற்றி மாற்றிப் போட்டு, அத்தனையையும் பிரித்துக் கட்ட வேண்டியதாகிவிட்டது.

"பணத்தைத் திருப்பி அனுப்பு" என்று அந்தம்மா போனை வைத்துவிட்டார். முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்து, "முடிஞ்சுது" என்றார்.

சாயங்காலம் அந்தக் கல்யாணப் பெண்ணே கூப்பிட்டாள். கடை நம்பருக்கு அல்ல, ரேணுவுக்கு. "அம்மா இன்னும் கோவமா இருக்காங்க. ஆனா நான் கேட்ட கடையில எல்லாம் எதைக் காட்டினாலும் சூப்பர்ங்கறாங்க. நீங்கதான் உள்ளதைச் சொன்னீங்க. எனக்கு எது நல்லாருக்கும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் காலை மொட்டைமாடியில் வெயிலில் புடவைகளை ஒவ்வொன்றாக வீடியோவில் காட்டினோம். ஒரு நுனி அவள் கையில், மறுநுனி என் கையில். "இது வேணாங்க. போட்டோவுல ஜோராத் தெரியும். கட்டினா வெறப்பா நிக்கும்" என்று ஒன்றை இவளே ஒதுக்கினாள். படிக்கட்டில் நின்ற முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு, "நம்ம சரக்கையே வேணாங்கறாளே" என்றார். அது அந்தப் பெண் காதில் விழுந்து அவள் சிரிக்க, நம் ரேணுவும் சிரித்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியோடு அவள் சிரித்துப் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்போது நீங்கள் இல்லையே என்று நினைத்தேன். அவர்கள் வேறொரு அரக்குப் புடவை எடுத்துக்கொண்டார்கள். முகூர்த்தத்துக்கு முன்பே போய்விட்டது.

அதற்குப் பிறகு ரேணு முதலாளியிடம் போய், "‘இல்லை’ன்னு எழுத மாட்டேங்க. ஆனா ஒண்ணும் எழுதாம விட்டா மறுபடியும் இதே மாதிரி ஆவும். வேற மாதிரி எழுதட்டுமா?" என்று கேட்டாள். இப்போது விற்ற புடவைக்குக் கீழே பச்சை எழுத்தில் இப்படி வருகிறது: ‘கல்யாண வீட்டில் இருக்கிறது’. முதலாளி கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கீழே குரல் கொடுத்து எல்லாருக்கும் டீ சொன்னார். அந்தக் கம்பெனிக்காரன் திரும்பப் போன் செய்தபோது, "நம்ம ஆளு கீதுப்பா" என்று வைத்துவிட்டாராம். இதை என்னிடம் சொல்லும்போது ரேணு தட்டையே பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் காதுவரை சிரிப்பு.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். அவளுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. முகூர்த்த மாசங்களில் லீவு கிடையாது. படவேடு ரேணுகாம்பாளுக்குப் பொங்கல் வைக்கப் போன இடத்திலும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சோறு ஒரு கையில், போன் ஒரு கையில். அதற்கு எங்களுக்குள் தினமும் சண்டை. நீங்கள் இருந்தால் அவள் பக்கம்தான் பேசுவீர்கள்.

ஆனாலும் நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். சரிப்பட்டுவிட்டது, மாமா. பொட்டியோடு மட்டும் பேசினால் போதும் என்று நினைத்தோமே, அது நம் இரண்டு பேரின் தப்புக் கணக்கு. அந்த வேலை முழுக்க மனுஷர்கள்தான். நம் பெண் அவர்களுக்கு நேராக நின்று பதில் சொல்கிறாள். போன வாரம் அவளிடமும் இதைச் சொல்லிவிட்டேன். "அப்பா இருந்தா சரிப்படும்னு சொல்லியிருப்பாரா?" என்று கேட்டாள். "மில்லு முழுக்க சொல்லிகினு திரிவாரு" என்றேன்.

சேத்துப்பட்டிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். தரகர், "சும்மா கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லிடுங்க. கல்யாணம் ஆனா விட்டுடுவான்னும் ஒரு வார்த்த போட்டு வெய்யுங்க" என்றார். "விட மாட்டா. அவ வெப்சைட் மேனேஜர். அதைச் சொல்லிட்டே கூட்டிகினு வாங்க, ஒத்துக்கறவங்க வரட்டும்" என்றேன். என் வாயில் அந்தப் பேர் தடுக்காமல் வந்தது.

உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு இது. அவள் எந்த வீட்டுக்கு வாழப் போனாலும் அவள் வேலையும் கூடவே போகும். அதற்குக் குறுக்கே யார் வந்து நின்றாலும் நான் பேசிக்கொள்கிறேன். அவளை முன்னால் அனுப்பிவிட்டு நான் பின்னால் நிற்க மாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி,
ரேணுவின் அம்மா,
மல்லிகா